அங்கவை, சங்கவை என்ன ஆனார்கள்? தருமபுரியிலிருந்து தென்பெண்ணை வழியாக ஒரு பழைய புதிர்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், ஏழெட்டு கிலோமீட்டரில் வந்துவிடுகிறது அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமி அன்று போனால் கால் வைக்க இடம் இருக்காது. காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியைப் பிளந்து விளக்கேற்றுவதற்காக எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். மற்ற நாள்களில் ஊர் தன் பாட்டுக்கு இருக்கிறது. சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றை அண்ணாந்து பார்க்கக் கழுத்துவலியும் பொறுமையும் வேண்டும். அப்படியே அதியமான் கோட்டத்துக்கும் போய்வரலாம். அங்கே அதியமானும் ஔவையாரும் சிலையாக நிற்கிறார்கள்.

இந்தச் சிலைகளின் கதையைச் சொல்லத் தமிழ்நாட்டில் யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி. அதைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர்தான் இன்றைய தருமபுரி. புறநானூற்றின் 91-வது பாட்டில் ஔவையே இதைச் சொல்லியிருக்கிறார். பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகளும் இந்தக் கதையை ஒப்பித்துவிடுவார்கள்.

ஆனால், ஔவையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். அடுத்ததாக வருவது, “அப்பா இல்லாத ரெண்டு பொண்ணுங்களுக்கு முன்னே நின்னு கல்யாணம் பண்ணி வெச்சாங்களே” என்ற கதைதான். அங்கவை, சங்கவை. வள்ளல் பாரியின் மகள்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதியமானைப் பாடிய அந்த ஔவையின் பாடல்களில் இப்படி ஒரு கல்யாணமே இல்லை. இன்னும் விசித்திரம், சங்கப் பாடல்களில் அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் இல்லை. அங்கே அவர்கள் வெறும் ‘பாரி மகளிர்’.

பெயர் இல்லை, ஊர் இல்லை, முடிவும் தெரியாது. இன்றைய காவல் நிலைய மொழியில் சொன்னால், வயதுவந்த அக்கா தங்கை இருவரைக் காணவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

நடந்தது என்ன? பாரியின் பறம்பு மலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்கிறார்கள். அவனுக்கு 300 ஊர்கள். அத்தனையையும் கேட்டு வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டவன், முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டு நடந்தவன். சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து மலையை முற்றுகையிட்டார்கள். ஏன் என்பதற்கே ஊகம்தான் விடை. புறநானூற்றுப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அவற்றின் கீழே எழுதிவைத்த குறிப்புகளில் ‘மகள் மறுத்தல்’ என்ற துறை வருகிறது. அதாவது, மன்னர்கள் பெண் கேட்டிருக்கிறார்கள், அப்பன் தர மறுத்திருக்கிறான். போரின் காரணமே அந்தப் பெண்கள்தான் என்று ஒரு தரப்பு சொல்வது இதை வைத்துத்தான். பாரியின் புகழ் மேல் பொறாமை என்பது இன்னொரு தரப்பு. எப்படியோ, பாரி மாண்டான், மலை போயிற்று.

அந்த இரவுகளில் ஒன்றில்தான் மகளிர் இருவரும் பாடியிருக்கிறார்கள். புறநானூறு 112. ஐந்தே அடி. போன மாத நிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாத நிலவில் மலையும் இல்லை, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. ஒப்பாரியின் சத்தம் அதில் கிடையாது. வென்றவர்களைத் திட்டவில்லை. ஆனால், முரசறைந்து வென்ற வேந்தர்கள் என்று அவர்களைக் குறிப்பிடும் இடத்தில் ஒரு கசப்பு தெரிகிறது. அதன் தொடக்கச் சொற்கள் 1997-ல் வந்த ‘இருவர்’ படத்தின் காதல் பாட்டு ஒன்றுக்குள் புகுந்துகொண்டன. இழவு வீட்டுச் சொல் டூயட்டுக்குப் போன கதை தெரியாமலே நாம் அதை முணுமுணுத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்களின் குரல் கேட்கவே இல்லை. அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான் மிச்சம்.

முதலில் பேசுபவர் கபிலர். பாரியின் நண்பர், புலவர், அந்தணர். நண்பனின் மகள்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுக் கிளம்புகிறார். விச்சிக்கோ என்ற மன்னனிடம் போய், இவர்களை ஏற்றுக்கொள் என்கிறார் (புறம் 200). அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் போகிறார் (201). இவர்கள் முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் மக்கள், நான் இவர்கள் தந்தையின் தோழன், அதனால் எனக்கும் மக்கள் என்கிறார். 49 தலைமுறையாக வந்த வேளிர் மரபில் பிறந்தவன் நீ என்று பெருமையாகவும் சொல்லிப் பார்க்கிறார். அவனும் மறுத்துவிடுகிறான். அடுத்த பாட்டில் (202) கபிலர் அவனைச் சும்மா விடவில்லை. உன் முன்னோன் ஒரு புலவரை இகழ்ந்ததால்தான் உங்கள் அரையம் என்ற ஊர் அழிந்தது என்று குத்திக்காட்டிவிட்டுத்தான் வெளியேறுகிறார்.

மூன்று பேரரசர்களுக்குப் பகையான வீட்டுப் பெண்களை யார் எடுப்பார்கள்? ஊர் வாய்க்கு இது புரியாத கணக்கு இல்லை. இன்றும் வழக்கு வம்பு உள்ள வீட்டில் சம்பந்தம் வைக்க யோசிப்பவர்கள் உண்டு.

பிறகு ஒரே ஒரு குறிப்பு. 236-வது பாட்டின் கீழே, மகளிரைப் ‘பார்ப்பார்ப் படுத்து’ விட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்று இருக்கிறது. வடக்கிருத்தல் என்றால் உண்ணாநோன்பில் உயிர்விடுதல். ‘பார்ப்பார்ப் படுத்து’ என்ற இந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு சண்டையே நடக்கிறது. அந்தணர் வீட்டில் அடைக்கலமாக விட்டார் என்று பொருளா, அந்தணர்களுக்கு மணம் செய்துகொடுத்தார் என்று பொருளா? இருவரும் ஒரே வீட்டிலா, வேறு வேறு வீட்டிலா? கபிலர் இறந்தபிறகு அங்கேயே இருந்தார்களா? குறிப்பு எழுதியவர் அந்தப் பெண்களைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் செலவழிக்கவில்லை. அவருடைய கவனம் புலவர் எப்படி இறந்தார் என்பதில் இருந்தது.

இந்த மௌனம் எவ்வளவு பெரியது என்று தெரிய, தருமபுரி நகருக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். இந்த மாவட்டமும் பக்கத்துச் செங்கம் பகுதியும் நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், ஊரைக் காத்து மாண்டவன் என ஒவ்வொருவருக்கும் ஒரு கல். வில்லோ வாளோ ஏந்திய உருவம், மேலே எழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டை, என்ன பெயர் என்று எல்லாம் இருக்கும். சாதாரண வீரனுக்கும் பெயர் கிடைத்துவிட்ட மண் இது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்த ஒருவனுக்கான கல். அவன் காலடியில் ஒரு நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளாக அந்தப் பெயர் நிற்கிறது. கற்களில் பெண்களும் வருகிறார்கள், இறந்த வீரனைச் சொர்க்கத்துக்கு அழைத்துப் போகும் தேவமகளிராக.

நாய்க்குப் பெயர் இருக்கிறது. பாரியின் மகள்களுக்கு இல்லை.

அந்த இடைவெளியில்தான் ஊர் நுழைந்தது. பிற்காலத்துத் தனிப்பாடல்களும் அவற்றோடு ஒட்டிவந்த கதைகளும் பெண்களுக்குப் பெயர் சூட்டின. ஒருத்தி அங்கவை, ஒருத்தி சங்கவை. மாப்பிள்ளை திருக்கோவலூர் மன்னன் தெய்வீகன். பெண் வீட்டுத் தரப்பில் நின்றவர் ஔவையார். கல்யாண ஓலை எழுத விநாயகரையே கூப்பிட்டாராம். பாரியைக் கொன்ற மூவேந்தருக்கும் அழைப்பு போயிற்றாம். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வெட்டிப்போட்ட பனந்துண்டத்தைக் காட்டி, இது காய்த்துப் பழம் தரட்டும், பார்க்கலாம் என்றார்களாம். ஔவை பாட, துண்டம் துளிர்த்துக் காய்த்துப் பழுத்ததாம். அப்பனைக் கொன்றவர்கள் மகள்களின் கல்யாணப் பந்தியில் கைநனைக்கிறார்கள். கதை கட்டியவருக்குக் குறும்பும் இருந்திருக்கிறது, நியாய உணர்ச்சியும் இருந்திருக்கிறது.

சங்க கால ஔவையும் இந்த ஔவையும் ஒருவர் அல்ல, பல நூற்றாண்டுகளில் பல ஔவையார்கள் இருந்தார்கள் என்பதைத் தமிழ் படித்தவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894-ல்தான். அதற்கு முன்பு திண்ணையில் கதை கேட்டவர்களுக்குக் கபிலர் அலைந்த கதை எங்கே தெரிந்திருக்கப்போகிறது? அவர்களிடம் இருந்ததெல்லாம் பனந்துண்டம் பழுத்த கல்யாணம். கே.பி.சுந்தராம்பாள் நடித்து 1953-ல் வந்த ‘ஔவையார்’ படத்துக்குப் பிறகு எல்லா ஔவைகளும் ஒரே முகம் பெற்றுவிட்டார்கள்.

சினிமா இன்னொன்றும் செய்தது. 2007-ல் வெளியான ‘சிவாஜி’ படத்தில் பெண் பார்க்கும் நகைச்சுவைக் காட்சியில் இரண்டு சகோதரிகளுக்குக் கரியைப் பூசி, அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்தார்கள். தியேட்டர் சிரித்தது. தமிழ் ஆர்வலர்கள் கண்டித்தார்கள். கறுப்பு நிறம் சிரிப்புக்குரியதா என்ற கேள்வி தனி. இரண்டு அரசவைகளில் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் பெயரை, மறுபடியும் ‘வேண்டாம்’ என்று சொல்லப்படும் பெண்களுக்கே வைத்ததுதான் கூடுதலாக உறுத்துகிறது. சு.வெங்கடேசனின் ‘வேள்பாரி’ வந்த பிறகு, நல்லவேளையாக, அந்தப் பெயர்களைக் கேட்டால் பறம்பு மலை நினைவுக்கு வரும் ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது.

சரி, ஊர் ஏன் அவர்களைத் திருக்கோவலூரில் கொண்டுபோய்ச் சேர்த்தது? இதற்குத் தருமபுரியிலிருந்து ஆற்றோடு போய்ப் பார்ப்பது நல்லது.

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூருக்கு வரும்போதே பெங்களூரின் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளியில் நுரை கக்குகிறது. கிருஷ்ணகிரி அணையைத் தாண்டிக் காவேரிப்பட்டணம் வழியாகத் தருமபுரி மாவட்டத்துக்குள் வந்து இருமத்தூரைத் தொடுகிறது. கம்பைநல்லூர் ஆறு வந்து சேரும் இடம் அது. வெயில் காலத்தில் பாறையும் மணலும்தான் ஆறு. அரூரிலிருந்து போகக்கூடிய தீர்த்தமலையும் இந்த வட்டாரம்தான். படியேறி மேலே நின்றால் காற்று முகத்தில் அறையும், வியர்வை உடனே காய்ந்துவிடும். பாறையிலிருந்து கொட்டும் தீர்த்தத்தில் நனைய மாசியில் கூட்டம் வரும். இங்கிருந்து ஆறு கிழக்கே சாத்தனூர் அணைக்குப் போகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த வட்டாரத்தில்தான் கொட்டித் தீர்த்தது. அந்த வெள்ளம் கீழே திருக்கோவிலூர் தாண்டி விழுப்புரம், கடலூர் வரை அடித்துக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தகடூர்ச் சீமையில் பெய்தால் கோவலூரில் ஆறு பெருகும். இரண்டு ஊர்களுக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரடியானது.

உறவு என்றால் பாசமான உறவு அல்ல. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அதன் மேல் படையெடுத்து அழித்தவன் நம் அதியமான். அந்த வெற்றியைப் பாடியவர் ஔவை (புறம் 99). இந்தப் பகைமைக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று 1981-ல் வெளிவந்தது. மணலூர்ப்பேட்டைக்கு அருகே பெண்ணையாற்றை ஒட்டிய ஜம்பையில், குகையில் ஒரு தமிழ் பிராமி எழுத்து. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அதில் இருக்கிறது. பாட்டில் மட்டுமே இருந்தவன் கல்லில் கிடைத்துவிட்டான். அவனுக்கு அதில் ‘சதியபுதோ’ என்ற அடைமொழியும் இருக்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அந்த ஒரு வரியே பதில் சொல்லிவிட்டது.

ஆக, எந்த ஊர் அழிந்ததைத் தகடூர் ஔவை பாடினாரோ, அதே ஊருக்கு ஔவை என்ற பெயரைக் கல்யாணத் தூதராக அனுப்பிவைத்திருக்கிறது மக்கள் கற்பனை. வரலாறாகப் பார்த்தால் பொருந்தாத சம்பந்தம். ஆனால், ஊர் யோசித்த விதம் தெரிகிறது. ஆண்கள் இரண்டு பேர் ஏற்க மறுத்தார்கள். கூட்டிக்கொண்டு அலைந்த ஆணும் பாதியில் செத்துப்போனார். இனி இந்தப் பெண்களை யாரை நம்பி ஒப்படைப்பது? மன்னர்களின் முகத்துக்கு நேரே பேசக்கூடிய, தொண்டைமானிடமே தூது போன ஒரு கிழவி இருந்தாள் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

திருக்கோவிலூர் வந்தால் கதையின் அடுத்த முடிச்சு கையில் கிடைக்கும். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில். அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. இங்குள்ள பெரிய யானைக் கணபதி முன்புதான் ஔவை விநாயகர் அகவல் பாடினார் என்பது கோயில் மரபு. ஓலை எழுதப் பிள்ளையார் ஏன் வந்தார் என்பது இப்போது புரிந்திருக்கும். ஊரின் இன்னொரு முனையில் உலகளந்த பெருமாள் கோயில். மழை இரவில் ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்றதாகச் சொல்லும் தலம். இருட்டில் ஒதுங்கியவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் என்ற பெயர் இதற்கு அப்படியும் உண்டு.

வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். அவளையும் அந்தக் குலத்தையும் புகழும்போது, ஊரின் பெருமையாகக் கபிலர் கதையையும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பாரியின் அடைக்கலப் பெண்ணைக் கபிலர் மலையமானுக்குக் கொடுத்தார், பிறகு பெண்ணையாற்றில் இருக்கும் பாறையில் தீப்புகுந்து வீடுபேறு அடைந்தார் என்கிறது. அந்தப் பாறைக்குக் ‘கபிலக்கல்’ என்று பெயரும் கொடுக்கிறது. இன்று கபிலர் குன்று என்கிறார்கள். ஆற்றின் நடுவே பெரிய பாறை, அதன் தலையில் சின்னக் கோயில். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் நடந்தே போய்விடலாம். திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். தருமபுரியிலிருந்து கிளம்புகிறவர்கள் அரூர், செங்கம், திருவண்ணாமலை என்று மாறிவந்தால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இந்தக் கல்வெட்டை முழுசாக ஒதுக்கவும் முடியாது. கபிலர் மலையமான் காரியைப் பாடியவர் (புறம் 121 முதல் 124 வரை). தெரிந்த வீடு. விச்சிக்கோவும் இருங்கோவேளும் கைவிரித்தபிறகு அங்கே போயிருக்கலாம். ஆனால், கல்வெட்டுக்கும் கபிலருக்கும் நடுவே குறைந்தது 800 ஆண்டு இடைவெளி. புறநானூற்றுக் குறிப்பில் கபிலர் பட்டினி கிடந்து இறக்கிறார், இங்கே தீயில் இறங்குகிறார். அங்கே பெண்கள் அந்தணர் வீட்டில், இங்கே அரசன் வீட்டில். மலையமான் குலத்துக்குப் பெருமை சேர்க்க எழுதப்பட்ட வரிகளில், பாரி குலத்துப் பெண் எங்கள் வீட்டு மருமகள் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருந்திருக்காதா?

ஒரு தெருவில் அக்காவும் தங்கையும் ஒரே நாளில் காணாமல் போனால் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். யாரோடு போனார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கிணறு, ரயில் தண்டவாளம் எல்லாம் பிறகு வரும். ஏன் போனார்கள், போகும் முன் என்ன சொன்னார்கள் என்று விசாரிப்பவர் குறைவு. பாரி மகளிர் விஷயத்தில் புலவர்களும் குறிப்பெழுதியவர்களும் கல் வெட்டியவர்களும் கதை சொல்லிகளும் கூட யாரோடு என்பதற்கே விடை தேடியிருக்கிறார்கள். அந்தணனா, மலையனா, தெய்வீகனா? ஐந்தடியில் அப்படி ஒரு பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் அதற்குப் பிறகு ஒன்றையும் பாடாமலா இருந்திருப்பார்கள் என்ற கேள்வி எந்தக் கதையிலும் இல்லை. இருவரும் ஏதோ ஓர் ஊரில் முதுமைவரை பாடிக்கொண்டே இருந்தார்கள் என்று ஊகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

கபிலர் குன்றுக்கு வருகிறவர்கள் இன்றும் அங்கவை, சங்கவை கல்யாணம் நடந்த ஊர் இது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். கோயில் கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அந்த ஐந்தடிப் பாட்டில் அவர்கள் ‘நாங்கள்’ என்று சேர்ந்தே பேசுகிறார்கள். எங்கள் அப்பா, எங்கள் மலை. எது யார் சொன்னது என்று பிரிக்கவே முடியாது. கல்வெட்டில் கபிலர் மலையமானிடம் ஒப்படைப்பது ஒரே ஒரு பெண்ணை. சொல் ஒருமையில் இருக்கிறது. இன்னொருத்தி எங்கே என்று அந்தக் கல் சொல்லவில்லை.